நடுப்பொட்டு இல்லாத கமராவும் 100 மீட்டர் ட்ரிகரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு சுயதொழில் பக்கத்தில், போட்டோ எடுக்கத் தொடங்குகிற பிள்ளைகளுக்கென்று ஒரு சாமான் பட்டியல் போட்டிருந்தீர்கள். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் கெனன் 1500டி கமராவையும் அதற்குக் கீழேயே ஒரு மலிவு ரேடியோ ட்ரிகரையும் (கமராவின் தலையில் மாட்டி, தள்ளி நிற்கிற பிளாஷை ரேடியோ அலையால் அடிக்க வைக்கிற சாமான்) சேர்த்து எழுதியிருந்ததைப் பார்த்ததும் குடித்த தேத்தண்ணி தொண்டையில் நின்றுவிட்டது. அந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசாது ஐயா.

கமராவின் தலையில் பிளாஷ் மாட்டுகிற இடத்தைப் பாருங்கள். மற்றக் கமராக்களில் நடுவில் ஒரு பெரிய உலோகப் பொட்டு இருக்கும். எந்தக் கம்பனி பிளாஷானாலும், ட்ரிகரானாலும் “இப்போ அடி” என்ற கட்டளையை அதைத் தொட்டுத்தான் வாங்கும். 1500டி, 3000டி, 200டி மார்க் 2 மூன்றிலும் கெனன் அந்தப் பொட்டை எடுத்துவிட்டது. ஓரத்திலுள்ள சின்னப் பொட்டுகள் கெனன் பிளாஷோடு பேசும், சாதாரண ட்ரிகரோடு பேசாது. என் மருமகனுக்கு நடந்தது இதுதான். கொழும்பில் ஒரு கடையில் வாங்கிக்கொண்டு களுவாஞ்சிக்குடிக்கு வந்து இரவு முழுக்கப் பற்றரியை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “மாமா, ட்ரிகர் பழுது” என்று போன் எடுத்தான். பழுது ஒன்றுமில்லை. கடைக்காரர் பெட்டி உடைத்த சாமானைத் திருப்பி எடுக்கவில்லை, அது வேறு கதை.

அப்படிக் கமரா வாங்கியவர்கள் அதைத் தூக்கி வீச வேண்டாம். 1500டி-யில் மேலே எழும்புகிற சின்ன பிளாஷ் இருக்கிறதே, அதன் வெளிச்சத்தைக் கண்டே தானும் அடிக்கிற வசதி கோடொக்ஸ் டிடி600 போன்ற மலிவு பிளாஷ்களில் உண்டு. எஸ்1, எஸ்2 என்று இருக்கும். கமரா பிளாஷ் அளவு பார்க்க முதலில் ஒரு தரம் மெல்ல மினுங்கும், எஸ்2 அதைக் கணக்கில் எடுக்காமல் அடுத்ததற்குத்தான் அடிக்கும். ஆகவே எஸ்2 வையுங்கள். வீட்டில் பிள்ளையின் பிறந்தநாளுக்கு இது தாராளம். கலியாண மண்டபத்துக்குக் கொண்டுபோனால் மாப்பிள்ளையின் நண்பர்கள் அடிக்கிற பிளாஷுக்கெல்லாம் உங்கள் பிளாஷும் சேர்ந்து ஆடும், தாலி கட்டுகிற நேரம் பார்த்து பற்றரி இறங்கும். கல்லடிக் கடற்கரை வெயிலில் இன்னும் மோசம், பகல் வெளிச்சத்தில் பிளாஷின் சென்சருக்கு ஒன்றும் தெரியாது. அங்கே ரேடியோ ட்ரிகர்தான்.

சரி, நடுப்பொட்டு உள்ள கமராவுக்கு எந்த ட்ரிகர்? பெட்டியில் 100 மீட்டர் என்று பெரிதாக அடித்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். எந்த மண்டபத்தில் 100 மீட்டர் தள்ளி லைட் ஸ்டாண்ட் வைக்கப் போகிறோம்? நான் முதலில் பார்ப்பது பிளாஷைத்தான். ட்ரிகரின் கட்டளையை வாங்குகிற ரிசீவர் உள்ளுக்கே இருக்கிற பிளாஷ் எடுத்து, அதே கம்பனியின் ட்ரிகரை உங்கள் கமராவுக்கென்று செய்த வகையில் எடுங்கள். நிக்கோனுக்கான ட்ரிகரை சோனியில் மாட்டினால் சரிவராது. ரிசீவர் தனியாக இருந்தால் அதற்கொரு பற்றரி, அதற்கொரு சுவிட்ச், மறந்து விட்டுவிட்டு வர ஒரு சாமான்.

அப்புறம் சானல், அதாவது ட்ரிகரும் பிளாஷும் பேசிக்கொள்கிற அலைவரிசை எண். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கல்லடியில் ஒரு கலியாணத்தில் பெண் வீட்டுக்கு நான், மாப்பிள்ளை வீட்டுக்கு வேறொரு போட்டோக்காரர். இருவரிடமும் ஒரே கம்பனி ட்ரிகர், இரண்டும் கடையில் வாங்கியபடியே சானல் 1. அவர் அடிக்க என் பிளாஷ் வெடித்தது, நான் அடிக்க அவருடையது, மணவறையில் ஐயர் இரண்டு தரம் கண்ணைத் துடைத்தார். கடைசியில் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அவர் 9, நான் 21 என்று பிரித்துக்கொண்டோம். கோடொக்ஸில் 32 சானல் இருக்கிறது, புதியவற்றில் அதற்கு மேல் ஐடி எண்ணும் உண்டு.

டிடிஎல், அதாவது பிளாஷின் பலத்தைக் கமராவே அளந்து வைக்கிற வசதி, வேண்டுமா என்று கேட்பார்கள். மணவறையில் ஆள் அசையாமல் இருக்கும்போது பிளாஷின் பலத்தைக் கையால் எட்டிலொன்று, பதினாறிலொன்று என்று வைத்தால் எல்லாப் படமும் ஒரே அளவாக வரும். டிடிஎல் என்றால் வெள்ளை வேட்டி நிறையத் தெரிந்தால் முகம் கறுக்கும், கறுப்புக் கோட் வந்தால் வெளிறும். பெண்ணை அழைத்து வரும்போது மட்டும் நான் டிடிஎல் போடுவேன், தூரம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால். ஆனால் கடற்கரை வெயிலில் பின்னணியை மங்கலாக்க லென்ஸை அகலத் திறந்தால் ஷட்டர் வேகத்தையும் கூட்ட வேண்டிவரும், அப்படி எடுக்கிறவர்கள் எச்எஸ்எஸ் (வேகமான ஷட்டரோடும் பிளாஷ் அடிக்கிற வசதி) உள்ளதைத்தான் வாங்க வேண்டும். அது இல்லாமல் 1/200, 1/250-க்கு மேல் ஷட்டரைக் கூட்டினால் படத்தில் கறுப்புப் பட்டி விழும். நம்மூர் உப்புக் காற்றுக்கு ட்ரிகரின் காலில் பச்சை பிடிக்கும், பென்சில் அழிறப்பரால் தேய்த்தால் போகும்.

அடுத்த ஞாயிறு அந்தப் பட்டியலுக்கு ஒரு திருத்தம் போடுவீர்களா? கமராவின் பெயருக்குப் பக்கத்தில் “நடுப்பொட்டு உண்டா என்று பார்த்து வாங்கவும்” என்று ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு கலியாணப் போட்டோக்காரன்,
களுவாஞ்சிக்குடி.