பத்து எம்.எம்.மா, ஃபார்ட்டி ஃபைவா

சோல்டாட்னா, அலாஸ்கா
மே 11

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது?

நான் துப்பாக்கி வாங்கப் போவதைத் தம்பி உளறிவிட்டான், அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். போனில் இதைப் பேசினால் அம்மா அழ ஆரம்பித்துவிடும், நீங்கள் "சரி, வை" என்று சொல்லிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். முதலில் நீங்கள் படியுங்கள். அம்மாவுக்கு எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

திருடனுக்குப் பயந்து வாங்கவில்லை அப்பா. இந்த ஊரில் பாதிப் பேர் காரைப் பூட்டுவதே இல்லை. விஷயம் கரடி. களக்காட்டு மலையில் கரையான் புற்றைத் தோண்டித் தின்னுமே, அந்தக் கரடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே இருப்பது பழுப்புக் கரடி, ஆண் கரடி முந்நூறு கிலோவுக்கு மேல் வளரும். போன ஜூலையில் லேப் சூப்பர்வைசரோடு ரஷ்யன் ரிவருக்கு மீன் பிடிக்கப் போனேன். வீட்டிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம்தான். சாக்கை சால்மன் ஏறுகிற நேரத்தில் அந்த ஆற்றில் ஆளும் கரடியும் ஒரே துறையில்தான் நிற்பார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மீனைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இருபது தப்படி தள்ளிப் புதரை விலக்கிக்கொண்டு ஒன்று வந்தது. சூப்பர்வைசர் சத்தமாகப் பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். வலது கை மட்டும் நெஞ்சில் கட்டியிருந்த பிஸ்டல் மேல் இருந்தது. கரடி எங்களைப் பார்க்கவே இல்லை. கயிற்றில் கோத்துப் போட்டிருந்த இரண்டு மீனையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. என் கையில் இருந்தது தூண்டில் ஒன்றுதான். (இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.)

சட்டம் எப்படி என்று நீங்கள்தான் முதலில் கேட்பீர்கள். எச் ஒன் என்ற வேலை விசாவில் இருந்தவரை எனக்கு விற்க மாட்டார்கள். வேட்டை லைசென்ஸ் வைத்திருந்தால் அதற்கு ஒரு விலக்கு உண்டு, நான் அந்த வம்புக்கே போகவில்லை. கிரீன் கார்டு வந்த பிறகு குடிமக்களைப் போலவே வாங்கலாம், கைத்துப்பாக்கிக்கு இருபத்தொரு வயது ஆகியிருந்தால் போதும். கடையில் 4473 என்று ஒரு படிவம். குற்ற வழக்கு உண்டா, கஞ்சா பிடிப்பதுண்டா என்றெல்லாம் கேள்வி. இந்த மாநிலத்தில் கஞ்சாவுக்குக் கடையே இருக்கிறது. ஆனால் மத்திய சட்டத்தில் அது இன்னும் குற்றம், அதை மறந்துவிடாதே என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள்! பிறகு கடைக்காரர் எஃப்.பி.ஐ.யில் விசாரிப்பார். போகலாம், காத்திரு, கூடாது, இந்த மூன்றில் ஒரு பதில் வரும். எனக்குக் 'காத்திரு' வந்து, மறுநாள் 'போகலாம்' வந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க இந்த மாநிலத்தில் தனி லைசென்ஸ்கூடத் தேவையில்லை, 2003இலிருந்து அப்படித்தான்.

நீங்கள் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தபோது தேர்தல் அறிவித்ததும் ஊர்ப் பண்ணையார்கள் எல்லாம் எஸ்.பி.பி.எல்., டி.பி.பி.எல். என்று ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஒப்படைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் அட்டை கட்டி, ரசீது எழுதி, ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வருவீர்கள். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இங்கே கடை வாசலில் கை நடுங்கியது நிஜம். மளிகைச் சாமான் பில் போடுகிற மாதிரி பில் போட்டுப் பையில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்று மட்டும் உங்களுக்குப் பிடிக்கும். உயிருக்கு ஆபத்து என்று கரடியைச் சுட்டால் அதோடு வேலை முடியாது. நாமே தோலை உரித்து, நகம் கழலாமல், மண்டை ஓட்டோடு அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் அறிக்கை தர வேண்டும். பறிமுதல் மகஜரை நாமே எழுதுகிற கதைதான்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி: என்ன துப்பாக்கி?

அலாஸ்காவில் பழைய ஆட்கள் .44 மேக்னம் ரிவால்வர்தான் வைத்திருப்பார்கள், ஆறு குண்டு. இப்போது பலரும் செமி ஆட்டோமேட்டிக்குக்கு மாறிவிட்டார்கள். நான் பார்த்தவை கிளாக் கம்பெனியின் இரண்டு பிஸ்டல்கள், கிளாக் 20, கிளாக் 21. கடைக்காரர் இரண்டையும் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரட்டைப் பிள்ளைகள்தான். அதே உடம்பு, அதே ட்ரிக்கர், அதே உறை. குண்டு நிரப்பினால் இரண்டும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. எழுத்தைப் படித்தால்தான் எது எது என்று தெரியும். வித்தியாசமெல்லாம் வயிற்றுக்குள். 21 சாப்பிடுவது .45 தோட்டா, மேகஸினில் (குண்டு அடுக்கும் கூட்டில்) பதின்மூன்று. 20 சாப்பிடுவது பத்து எம்.எம்., பதினைந்து. நம் நாட்டில் சாதாரண ஆளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32தான், .45 எல்லாம் தடை செய்த குழல் அளவு. இங்கே மீன் வலை விற்கிற கடையிலேயே அதுவும் தொங்குகிறது.

.45 தோட்டா ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. பிலிப்பைன்ஸில் மோரோ இன வீரர்களை .38 ரிவால்வரால் நிறுத்த முடியாமல் அமெரிக்கப் பட்டாளம் திணறியது. அதற்குப் பிறகு 1911இல் .45 பிஸ்டலை எடுத்துக்கொண்டு 1985 வரை வைத்திருந்தார்கள். எங்கள் லேபில் ஒரு பிலிப்பினோ அக்கா உண்டு. இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். பருத்த குண்டு, பதினைந்து கிராம், நொடிக்கு 260 மீட்டர் போல மெதுவாகப் போகும்.

பத்து எம்.எம். பிறந்தது 1983இல். 1986இல் மயாமியில் நடந்த சண்டையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் செத்தார்கள். கையில் இருந்த தோட்டா போதவில்லை என்று இதை எடுத்தார்கள். சுடும்போது கையில் விழும் உதை தாங்கவில்லை. முதலில் தோட்டாவில் வெடிமருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்தால் இத்தனை நீளக் கூடு எதற்கு என்று, 1990இல் அதை வெட்டிக் குட்டையாக்கி .40 என்று வேறு தோட்டாவே வந்துவிட்டது. மூலத் தோட்டா மனிதனுக்கு அதிகம் என்று ஒதுக்கப்பட்டு, மிருகத்துக்குச் சரி என்று காட்டுக்கு வந்து சேர்ந்தது. கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க் பட்டாளத்துக்காரர்கள் பனிக்கரடிக்காக வைத்திருப்பதும் இந்த கிளாக் 20தான். பதின்மூன்று கிராம் கெட்டி ஈயக் குண்டு நொடிக்கு 360 மீட்டருக்கு மேல் போகும். .45ஐவிட ஒல்லி, ஆனால் கரடியின் தோல், கொழுப்பு, எலும்பு எல்லாம் தாண்டி உள்ளே இறங்க வேண்டுமே. அந்த வேலைக்கு அகலத்தைவிட ஆழம் முக்கியம் என்கிறார்கள்.

அப்படியானால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பத்துதானே என்று நானும் நினைத்தேன், சுட்டுப் பார்க்கும்வரை.

ஊருக்கு வெளியே ஒரு சரளைக் குழியில்தான் பயிற்சி. காலிக் கூடுகள் தரையெல்லாம் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கூடு கணக்கில் குறைந்ததற்காக நீங்கள் எல்லோரும் இருட்டும்வரை போலீஸ் சுடுதளத்தில் புல்லை விலக்கித் தேடியது ஞாபகம் வந்தது. முதலில் .45. உதைக்கிறது, ஆனால் மாடு தோளால் தள்ளுகிற மாதிரி. பத்து அப்படியில்லை, அறைகிறது. ஐந்து குண்டு சுட்டுவிட்டு, "பரவாயில்லையே" என்றேன். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லாமல் மேகஸினை வாங்கி, நல்ல குண்டுகளுக்கு நடுவே பொய்க் குண்டு ஒன்றை எங்கோ சொருகிக் கொடுத்தார். மூன்றாவது தடவை அமுக்கினேன். டிக் என்றது. வெடிக்கவே இல்லை, ஆனால் குழல் நான்கு விரற்கடை கீழே குனிந்தது. வெடிக்கும் முன்பே நான் பயந்து குழலைக் கீழே தள்ளுகிறேன் என்று அம்பலமாகிவிட்டது. .45இலும் குனிந்தது, ஆனால் கொஞ்சமாக.

செண்பகவல்லி அம்மன் திருவிழாவில் பலூன் சுடும்போது என் பின்னால் நின்றுகொண்டு, "ட்ரிக்கரைப் பிடுங்காதலே, அமுக்கு" என்பீர்களே. முப்பது வருடமாகியும் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வீட்டில் இரண்டு வாரம் இதே பேச்சு. உங்கள் மருமகளும் வந்து பிடித்துப் பார்த்தாள். இரண்டின் பிடியும் அவள் கைக்குச் செங்கல். ட்ரிக்கருக்கு விரல் எட்டவில்லை, அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. அவள் போட்ட நிபந்தனை வேறு: நெஞ்சில் துப்பாக்கி இருந்தாலும் கைக்கு முதலில் வர வேண்டியது ஸ்பிரே. கரடி ஸ்பிரே என்பது வேறொன்றுமில்லை, மிளகாய்க் காரத்தை எடுத்து அமுக்கிய புட்டி. விளாத்திகுளத்தில் தாத்தா வத்தல் காயப்போட்ட களத்தில் காற்றடித்தால் நாமெல்லாம் என்ன பாடு படுவோம், அதை உருட்டி முகத்தில் எறிந்த மாதிரி. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரெரோ என்ற கரடி ஆய்வாளர்கள் அலாஸ்காவில் நடந்தவற்றைத் தொகுத்து 2008இல் எழுதினார்கள். பழுப்புக் கரடி மேல் அடித்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு தடவை அது நின்றிருக்கிறது. 2012இல் துப்பாக்கியைப் பற்றியும் எழுதினார்கள். கையில் துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுட்டவனுக்கும் சுடாதவனுக்கும் அடிபட்டதில் பெரிய வித்தியாசம் இல்லையாம். இதைப் படித்த பிறகும் ஏன் வாங்கினாய் என்று கேட்டால், என்னிடம் முழுப் பதில் இல்லை அப்பா. எதிர்க்காற்றில் ஸ்பிரே என் மூஞ்சிக்கே வந்தால் என்ற பயம் ஒன்று. பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த ஆற்றங்கரையில் நடக்கிறேன் என்பது இன்னொன்று.

கடைசியில் 20ஐத்தான் எடுத்தேன். இன்றைக்கு நான் .45இல்தான் நன்றாகச் சுடுகிறேன், அது நிஜம். ஆனால் பத்து எம்.எம்.மிலேயே மருந்து குறைத்த சாதுவான தோட்டா கிடைக்கிறது. பெட்டிக்குப் பத்து டாலர் கூட, போகட்டும். அதில் பழகி, படிப்படியாக ஏறி, அதே துப்பாக்கியில் முரட்டுத் தோட்டாவுக்குப் போகலாம். 21ல் எவ்வளவு ஏறினாலும் அந்த ஆழம் வராது. சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ளவில்லை. குறி தவறுகிற பத்தைவிட பிடிபடுகிற நாற்பத்தைந்து மேல் என்கிறார். அவரும் பத்துதான் வைத்திருக்கிறார்!

இந்தக் கோடையில் அது ஆற்றுக்கு வராது. பொய்க் குண்டில் குழல் குனியாமல் நிற்கும்வரை பெட்டியில்தான், நெஞ்சில் ஸ்பிரே மட்டும். இதை அம்மாவிடம் தாராளமாகச் சொல்லலாம். பெட்டி இரும்பு, படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் சுவரோடு முடுக்கியிருக்கிறது. எண் போட்டால்தான் திறக்கும், பாப்பாவுக்கு எட்டாது. குண்டு வேறு அறையில் வேறு பூட்டில் இருக்கிறது.

நீங்கள் முதன்முதலில் த்ரீ நாட் த்ரீ ரைஃபிளைத் தோளில் வைத்துச் சுட்டபோது கண்ணை மூடினீர்களா? மூடியிருந்தால், எத்தனை ரவுண்டில் அந்தப் பழக்கம் விட்டது? தம்பியிடம் சொல்லி அனுப்ப வேண்டாம், உங்கள் கையால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்தவன்

பி.கு.: போன பார்சலில் வந்த வத்தல் தீர்ந்துவிட்டது. சுங்கத்தில் கேட்டால் பொடியாக்கி அனுப்புங்கள்.