எதையாவது அனுப்பு கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். இந்தப் பார்சலில் மஞ்சள்தூளும் கொள்ளும் வைத்திருக்கிறேன். பச்சையாக வைத்தால் அங்கே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று கூரியர்காரர் சொன்னதால் கொள்ளை வறுத்தே கட்டியிருக்கிறது. புடைத்துக் கொடுத்தது ஆத்தா. ஆபரேஷனுக்குப் பிறகு கல் எது, கொள்ளு எது என்று அவங்களுக்கு நன்றாகத் தெரிகிறது. ஆபரேஷன் அன்றைக்கு நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். “பெரியவன் பேசினானா?” என்று கட்டுக் கட்டின கண்ணோடு இரண்டு தரம் கேட்டாங்க. பேசினான் என்று சொல்லிவிட்டேன். சரி, அதை விடு.

போனில் கேட்டால் “நல்லா இருக்கேன்மா” என்று வருகிறது. அதற்கு மேல் ஒரு எழுத்துக் கிடையாது. அதனால்தான் பேப்பர் எடுத்து உட்கார்ந்தேன்.

முன்னெல்லாம் நீ தினமும் எதையாவது அனுப்புவாய். ஆஸ்திரேலியாவில் வாம்பட் என்று ஒரு பிராணி கட்டி கட்டியாக ஆறு முகத்தோடு சாணி போடும் என்று படத்தோடு அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? அது எப்படி அந்த வடிவத்தில் வருகிறது என்று ஆராய்ச்சி பண்ணினவர்களுக்கு 2019-ல் பரிசுகூடக் கொடுத்தார்கள் என்றாய். அப்பா அதைக் கட்டுத்தறிப் பக்கம் எடுத்துக்கொண்டு போய்ப் பால்காரர் வரைக்கும் காட்டினார். “நம்ம மாடும் இப்படிப் போட்டா வறட்டி தட்டற வேலை மிச்சமுங்க” என்று அவர் சொன்னதை உனக்கு எழுதினேன். நீ உடனே போன் பண்ணிச் சிரித்தாய்.

நீ அனுப்பின கேம்பிரிட்ஜ் காபிப் பாத்திரக் கதையை நான் ஐந்தாம் வகுப்பில் பாடமாகவே நடத்தினேன். பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் ஆட்கள் வேறு மாடியிலிருந்து காபிக்காக நடந்து வந்தால் பாத்திரம் காலியாக இருக்குமாம். அந்த வீண் நடை வேண்டாம் என்று 1991-ல் பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேமராவை வைத்து, அவரவர் மேஜையிலிருந்தே பார்த்துக்கொண்டார்கள். 1993-ல் அது இன்டர்நெட்டுக்கு வந்தது. எங்கெங்கோ இருக்கிற ஜனங்கள் தாங்கள் குடிக்கவே முடியாத காபியை எட்டிப் பார்த்தார்கள். 2001-ல் அதை நிறுத்தி, பாத்திரத்தை ஏலம் விட்டபோது 3,350 பவுண்டுக்குப் போனது. கதை முடிந்ததும் முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, “டீச்சர், காபி இருக்குதான்னு பாத்தாங்க சரி, பால் இருக்குதான்னு பாத்தாங்களா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியையும் உனக்கு அனுப்பினேன். இதெல்லாம் ஒன்றுக்கும் ஆகாத விஷயங்கள்தான், ஆனால் ஒரு படம் வந்தால் எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு நம்ம பையன் மனசு லேசாக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான் என்று. “நல்லா இருக்கேன்” என்பதில் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை.

நீ கடைசியாக அனுப்பியது கலிபோர்னியாவில் லிவர்மோர் என்கிற ஊரில் இருக்கிற பல்பு. உங்கள் பக்கத்து ஊர்தான், ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்றாய். போனாயா? அப்பா அதை விடவே இல்லை. தினமும் ராத்திரி படுக்கப் போகும்போது என் போனைக் கொடுத்து, கேமரா வைத்து அந்தப் பல்பைக் காட்டுகிற இன்டர்நெட் பக்கத்தைத் திறக்கச் சொல்கிறார். நமக்கு ராத்திரி பத்து மணி என்றால் உங்களுக்குக் காலை ஒன்பதரை. தீயணைப்பு நிலையத்து உத்தரத்தில் மஞ்சளாய், மங்கலாய்த் தொங்குகிறது. 1901-ல் போட்ட பல்பு இன்னும் எரிகிறது என்பதை அப்பா சந்தையில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. 1976-ல் இடம் மாற்றும்போது, திருகிக் கழற்றினால் உடைந்துபோகும் என்று பயந்து வயரையே வெட்டி, முன்னும் பின்னும் போலீஸ் வண்டி போகக் கொண்டு வந்தார்களாம். இருபத்திரண்டு நிமிஷம்தான் கரண்ட் இல்லாமல் இருந்ததாம். நம்ம மோட்டார் ரூமில் ஒரு பல்பு ஆறு மாசம் தாண்டுவதில்லை என்று அப்பா பெருமூச்சு விடுகிறார்.

அதைப் பற்றி நான் இன்னும் தேடிப் படித்தேன். 2013 மே மாதம் ஒரு ராத்திரி அது இருட்டாகிவிட்டது. இன்டர்நெட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான், பல்பு போய்விட்டது என்று நினைத்திருக்கிறார்கள். காலையில் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தால் பல்பில் ஒரு குறையும் இல்லை. கரண்ட் போனாலும் அது அணையக் கூடாது என்று காவலுக்கு வைத்திருந்த யுபிஎஸ் பெட்டிதான் கெட்டுப்போயிருந்தது. வேறு வயர் இழுத்து நேராகக் கொடுத்ததும் எரிந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன் கண்ணு.

நீ நேரத்துக்குத் தூங்குகிறாயா? உன் பேருக்குக் கீழே கடைசியாகப் பார்த்த நேரம் காட்டுகிறதே, அதை உங்கள் ஊர் மணிக்கு மாற்றிப் பார்த்தால் ராத்திரி மூன்று, நான்கு என்று வருகிறது. பத்தாவது பரீட்சைக்குக்கூட நீ பதினொரு மணிக்கு மேல் விழித்தவன் இல்லை. பால் குடித்துவிட்டுப் படு. ராத்திரியில் போனை அடுத்த அறையில் வை.

போன வாரம் டிவியில் அங்கே கம்பெனிகளில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆத்தா பக்கத்தில் இருந்ததால் சேனலை மாற்றிவிட்டேன்.

ஆடிக் காற்று இந்த வருஷம் பலமாக இருக்கிறது. ஆடி 18 அன்றைக்குக் கொடிவேரிக்குப் போகக்கூட ஆத்தாவை விடவில்லை, கண்ணில் தூசி விழும் என்று. கிணற்றுமேட்டுத் தென்னையில் தூக்கணாங்குருவிகள் கட்டிக்கொண்டிருக்கின்றன. அதில் ஒரு கூடு விழுந்து கிடந்ததை அப்பா எடுத்து வந்தார். பாதிக் கூடு. ஆண் குருவி இந்த மட்டத்துக்குப் பின்னி நிறுத்திவிடும், பெண் குருவி வந்து பார்த்து அதற்குப் பிடித்தால்தான் ஆண் மீதியைப் பின்னும் என்று நீதான் ஒரு தரம் அனுப்பியிருந்தாய். நெல் தாளையும் தென்னங்கீற்றையும் நூல் நூலாகக் கிழித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, விரலால் இழுத்தாலும் பிரியவில்லை. உள்ளே கையை விட்டால் ஒரு பக்கம் கட்டைவிரல் நகத்தளவுக்குக் களிமண் அப்பியிருந்தது, ஈரம்கூடக் காயவில்லை. குருவி அதில் மின்மினியை ஒட்டி விளக்கு வைக்கும் என்று உங்கள் அப்புச்சி சொல்வாரே, அந்த மண். டார்ச் அடித்துப் பார்த்தேன். மின்மினி இல்லை, ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது. படம் எடுத்தும் உனக்கு அனுப்பவில்லை. பதிலுக்கு இரண்டு நீலக் குறி மட்டும் வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்பா கோபி டவுனுக்குப் போய்ப் பிரிண்ட் போட்டு வந்தார், இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் அவர் எழுதியிருப்பதைப் படி. அவர் கடிதம் எழுத மாட்டார், உனக்குத் தெரியும்.

இன்னொன்று. மாசா மாசம் போடுகிற பணத்தை இனிமேல் போட வேண்டாம். மஞ்சள் விற்ற காசு அப்படியே பேங்க்கில் கிடக்கிறது, செலவு ஒன்றும் இல்லை. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, இரண்டு போகம் எடுக்கிற பூமி நமக்கு. உன்னைப் படிக்க வைத்தது சம்பாதித்துப் போடுவதற்காக இல்லை. வாய்க்கால் மதகில் உட்கார்ந்து படித்த பையன் அங்கே வரைக்கும் போனது எங்களுக்குப் போதும். பழைய ஹெட்மாஸ்டர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் உன்னைத்தான் விசாரிக்கிறார். அப்படி விசாரிக்கிறவர்களுக்கு என்ன சொல்ல வேண்டியிருந்தாலும் நான் சொல்லிக்கொள்வேன், அதை நினைத்து நீ விழித்துக்கொண்டிருக்காதே.

சாப்பாட்டை விடாதே. அரிசியும் பருப்பும் ஒன்றாய்ப் போட்டு ஒரு விசில் கூடுதலாக விடு, நெய் ஊற்றிக்கொள். தூள் சீக்கிரம் கட்டியாகும், பாட்டிலில் கொட்டி வை. நேரத்துக்குத் தூங்கு.

பார்சல் வந்ததும் எதையாவது அனுப்பு. அந்த ஊர்க் குப்பைத்தொட்டிப் படமாக இருந்தாலும் சரி, எந்த மணியில் அனுப்பினாலும் சரி. நான் நாலரைக்கே எழுந்துவிடுகிறேன். ஊருக்கு வருகிறாய் என்றால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. கோயமுத்தூரில் இறங்கி மாமாவுக்கு ஒரு போன் போடு. எந்த ராத்திரியானாலும் வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார், ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார். அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா