தாத்தாவின் நினைவு ஆராதனையை முன்னிட்டு மகனுக்கு எழுதியது

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். தாத்தாவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் நம் சபையில் நடக்கிறது. அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரும்படி போதகர் கேட்டிருக்கிறார். சபையில் வாசிக்க ஒரு பக்கம் போதும். அதில் அடங்காதவற்றை உனக்கு எழுதுகிறேன்.

தாத்தா பத்தொன்பது வயதில் பெங்களூருக்குப் போய் ராணுவத்தின் பொறியாளர் படையான மதராஸ் சேப்பர்ஸில் சேர்ந்தார். 1780இல் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கப்பட்ட படை அது. மற்றப் படையினர் தங்களைத் 'தம்பி' என்று அழைப்பார்கள் என்று அவர் பெருமையோடு சொல்வதை நீயும் கேட்டிருக்கிறாய். 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், ஷகர்கர் முனையில், பசந்தர் ஆற்றங்கரையில், ஒன்பதாவது பொறியாளர் ரெஜிமென்ட்டோடு அவர் இருந்தார். முழங்காலில் ஊர்ந்து, கம்பியால் மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்த்து, கண்ணிவெடிகளை அகற்றி, பாதையின் இருபுறமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே முன்னேறுவதுதான் அவர்கள் வேலை. 15ஆம் தேதி இரவு வேலை முடிவதற்குள் எதிரியின் டாங்கிகள் நெருங்குகின்றன என்று செய்தி வர, நம் பூனா ஹார்ஸ் படையின் டாங்கிகள் அந்தக் கண்ணிவெடி நிலத்தைக் கடந்தே அக்கரைக்குப் போயின. மறுநாள் உயிர்கொடுத்துப் பரம்வீர் சக்ரா பெற்ற, அந்தப் படையைச் சேர்ந்த அருண் கேத்தர்பாலுக்கு வயது இருபத்தொன்று. இவற்றையெல்லாம் நான் பிறர் சொல்லியும் படித்தும் தெரிந்துகொண்டேனே தவிர, தாத்தா தம்மைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் போரின் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பஷ்சிமி ஸ்டார் பதக்கம் அவருடைய வேதாகமத்துக்குப் பக்கத்துப் பெட்டியில் இருக்கிறது. அது உனக்கு என்று சொல்லிவைத்திருக்கிறார்.

நீ பொறியாளரானபோது அவர் அடைந்த மகிழ்ச்சியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. தோஹாவில் நீ உயர்ந்த நிலையில் இருப்பதை ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் நிறுத்திச் சொல்வார். அடக்க ஆராதனைக்கு உனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால், மகனே, மாதந்தவறாமல் பணம் வருகிறது, பணத்தோடு ஒரு சொல்லும் வருவதில்லை. அம்மாவிடம் தொலைபேசியில் பேசினாலும் சாப்பாட்டைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசி வைத்துவிடுகிறாய். உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அடக்கத்தன்று மருமகளும் குழந்தையும் மார்த்தாண்டத்துப் பிறந்தவீட்டாரோடு வந்து, அவர்களோடே உட்கார்ந்து, அவர்களோடே திரும்பிப் போனார்கள். குழந்தை தாத்தாவின் பெட்டியில் பூ வைத்தாள். நான் எதையும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை.

பட்டாளத்திலிருந்து வந்தபின் சபையார் அவரை டீக்கனாக, அதாவது சபையின் உதவிக்காரராக, தெரிந்தெடுத்தார்கள். காணிக்கை எண்ணுவதும், பிடியரிசியை அளந்து ஏழைகளுக்குக் கொடுப்பதும், திருவிருந்துக்கு மேசையை ஆயத்தம் செய்வதும் எல்லா டீக்கன்மாரும் செய்வதுதான். தாத்தா அதற்கு மேலும் ஒன்று செய்தார். ஞாயிறு ஆராதனையில் யாருடைய இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்துவைத்து, சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போய்விடுவார். ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து, மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசி, ஜெபித்துவிட்டு எழுந்து வருவார். எல்லைக் கல்லுக்காக நம்மோடு வழக்காடிய மேலைவீட்டாரிடம் ஒரு திருவிருந்து ஞாயிறு காலையில், ஆராதனைக்கு முன்பே, இவராகப் போய்க் கைகொடுத்ததைக் கண்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். நியாயம் நம் பக்கம் இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

பாட்டியின் காரியம் உனக்கு முழுவதும் தெரிந்திருக்காது. 1971இல், குலசேகரத்து நிலத்தை முன்னிட்டு எழுந்த பேச்சில் மனம் கசந்து, பாட்டி என்னைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டார். தாத்தா எல்லையில் இருந்தார். அவருடைய கடிதங்கள் 56 ஏ.பி.ஓ. என்னும் ராணுவத் தபால் நிலைய முத்திரையோடு வாரந்தோறும் வந்தன, பாட்டி ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. எழுதாததனால் தாத்தாவும் நிறுத்திவிடவில்லை. டிசம்பர் 3ஆம் தேதி போர் தொடங்கியபின் கடிதம் நின்றது. அடுத்த வீட்டு வானொலியில் செய்தி வாசிக்கும் நேரத்தில் பாட்டி வாசற்படியில் நிற்பார் என்று பெரியத்தை சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமஸ் கழிந்து வந்த கடிதத்தில் போரைப் பற்றி ஒன்றும் இல்லை. எனக்கு இருமல் நின்றதா என்றுதான் கேட்டிருந்தார்.

மறு ஆண்டு விடுப்பில் வந்தார். அந்நாளில் நாகர்கோவிலுக்கு ரயில் இல்லை, 1979இல்தான் வந்தது. திருநெல்வேலியில் இறங்கி, ஆரல்வாய்மொழி வழியாகப் பஸ்ஸில் வந்தவர், நம் வீட்டைத் தாண்டி, டிரங்குப் பெட்டியோடு நேராகக் குலசேகரத்துக்குப் போனார். தன் தாய் காத்திருப்பது தெரிந்தும் அப்படிச் செய்தார். நிலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சாப்பிட்டார், என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார், பாட்டி துணிகளை எடுத்துவைக்கும் வரை முற்றத்தில் நின்றார். எனக்கு நினைவு தெரிந்து நான் அவரைக் கண்ட முதல் காட்சி அதுதான். யார் முதலில் இறங்கிவந்தது என்று எங்கள் வீட்டில் அதன்பின் யாரும் கணக்குப் பார்த்ததில்லை, பார்க்க அவர் விட்டதும் இல்லை.

இதைப் போதகரிடம் கொடுக்கும் குறிப்பில் எழுதவில்லை. தன் குடும்பத்தை நன்றாய் நடத்துகிறவனே டீக்கனாக இருக்க வேண்டும் என்று தீமோத்தேயுவுக்கு பவுல் எழுதியது தாத்தாவின் வேதாகமத்தில் சிவப்பு மையால் கோடிடப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் சேர்த்திருக்கிறேன்.

விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடு. கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. உடம்பைப் பார்த்துக்கொள். டிக்கெட்டைத் திருவனந்தபுரத்துக்கே எடு. அங்கிருந்து காரில் வந்தால் மார்த்தாண்டம் வழியில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வர நேரமாகுமே என்று எங்களை எண்ணி அவசரப்பட வேண்டாம், எத்தனை மணியானாலும் அம்மா விழித்திருப்பாள். காரை மட்டும் கொஞ்சம் பெரியதாகப் பேசிக்கொள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா