இரவு டியூட்டிக்கு இரண்டாவது ஆள் எங்கே?

சிறைத் துறையை நடத்தும் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சிறைக் காவலர்கள் வேலைநிறுத்தம் என்றதும் உங்களிடமிருந்து முதலில் வரும் சொல் 'ஒழுங்கீனம்'. அப்புறம் நோட்டீஸ், சஸ்பென்ஷன். அந்த ஆட்கள் ஏன் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. பல வருடம் சாவிக்கொத்தோடு நடந்தவன் என்ற முறையில் அதற்கு நான் பதில் எழுதுகிறேன்.

இரவில் செல் கதவைத் திறக்க இரண்டு காவலர்கள் வேண்டும் என்பது எங்களுக்கிருந்த விதி. நல்ல விதி. ஒருநாள் இரவு என் பிளாக்கில் நான் மட்டும்தான் இருந்தேன். கூட இருக்க வேண்டியவரை மருத்துவமனைக் காவலுக்கு அனுப்பிவிட்டார்கள். பதிவேட்டில் மட்டும் அவர் பெயர் இருந்தது. இரண்டு மணி வாக்கில் ஒரு கைதி கம்பியைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு வலிக்கிறது என்றார். சட்டை முழுக்க வியர்வை, உதடு வெளுத்திருந்தது. நடிக்கிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படி நம்பிக் கதவைத் திறந்து அடிபட்டவர்களை எனக்குத் தெரியும். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன். அடுத்த பிளாக்கிலிருந்து ஆள் வந்து சேரப் பதினோரு நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் அவருடைய விரல்கள். திறந்தால் என் உயிருக்கு ஆபத்து, திறக்காவிட்டால் அவர் உயிருக்கு. அவர் பிழைத்துக்கொண்டார். அன்று இன்னொரு காவலர் இருந்திருந்தால் இரண்டு பேருக்குமே அந்த நிலை வந்திருக்காது.

ஆள் குறைந்தால் முதலில் நிற்பது உறவினர் சந்திப்பு, அப்புறம் வேலைக்கூடம், நூலகம், மைதானம். கைதி நாள் முழுக்க அடைபட்டுக் கிடக்கிறார். கதவு திறக்கும்போது அவர் முதலில் பார்ப்பது எங்கள் முகத்தை. இந்தப் பக்கம் இருப்பவரோ இரண்டாவது ஷிஃப்ட்டில் கண் எரிய நிற்கிறார். சண்டை மூளப்போகிறது என்பதை முகம் பார்த்தே சொல்லிவிடும் அனுபவசாலிக்கும் பதினாறாவது மணி நேரத்தில் அது தெரியாமல் போகும்.

2025 பிப்ரவரி 17 அன்று நியூயார்க் மாநிலச் சிறைகளில் காவலர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுடைய சங்கமே அனுமதி தரவில்லை. ஆள் பற்றாக்குறையும் கட்டாய ஓவர்டைமும் வன்முறையும்தான் முக்கியக் குறைகள். மூன்று வாரம் நீடித்தது. நேஷனல் கார்டு படையை உள்ளே அனுப்பினார்கள், பணிக்குத் திரும்பாத சுமார் 2,000 பேரை நீக்கினார்கள். ஆள் போதவில்லை என்று போராடியவர்களில் 2,000 பேரை அனுப்பிவிட்டால், மிச்சமிருப்பவர்களின் ஷிஃப்ட் எத்தனை மணி நேரமாகும்?

அந்தப் போராட்டத்தின் ஒரு கோரிக்கையோடு எனக்கு உடன்பாடில்லை. தனிமைச் சிறைக்கு 15 நாள் வரம்பு வைக்கும் சட்டத்தை விலக்கச் சொன்னார்கள். ஐ.நா. 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளும் 15 நாளுக்கு மேல் கூடாது என்றுதான் சொல்கின்றன. மாதக்கணக்கில் தனியே கிடந்து வெளியே வந்தவர்களை நான் கூட்டிப்போயிருக்கிறேன். அது யாரையும் சாந்தப்படுத்தவில்லை. போராட்ட நாட்களில் சந்திப்பு இல்லாமல் தவித்த கைதிகளின் குடும்பங்களையும் நான் மறக்கவில்லை.

ஆனாலும் தடைச் சட்டம் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். சிறை அலுவலர்களை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டுவதைத் தடுக்கும் சட்டம் இங்கிலாந்தில் 1994இலேயே வந்தது. 2018 செப்டம்பரில் வன்முறை தாங்காமல் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள். பிரான்சிலும் சிறைக் காவலர்களுக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது. 2024 மே 14 அன்று அங்கே ஆங்கார்வில் சுங்கச்சாவடியில் ஒரு கும்பல் கைதி வண்டியைத் தாக்கி இரண்டு காவலர்களைக் கொன்றபோது, மறுநாளே காவலர்கள் பல சிறை வாசல்களை மறித்து நின்றார்கள்.

பாதுகாப்பான பணிச்சூழலை அடிப்படை உரிமையாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022 ஜூனில் சேர்த்தது. வேலைநிறுத்தத்தைத் தடுப்பதென்றால், சரி, அதற்கு ஈடாகத் துறைக்கு வெளியே ஒரு நடுவர் குழுவை அமையுங்கள், அதன் தீர்ப்புக்கு நீங்களும் கட்டுப்படுங்கள். ஒவ்வொரு பிளாக்குக்கும் குறைந்தபட்சம் எத்தனை பேர் என்று எழுதி வெளியிடுங்கள். அடிபட்டவருக்குச் சம்பளத்தோடு விடுப்பும் சிகிச்சையும் கொடுங்கள்.

அதற்கு முன்னால், இந்த வாரமே ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஏதாவது ஒரு பிளாக்குக்குப் போங்கள். பதிவேட்டில் எத்தனை பெயர், வராந்தாவில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறைக் காவலர் ஒருவர்