சீலர் மறுத்த பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்து வீரர்கள் கிளப் மாறும்போது கைமாறும் தொகைகளைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒரே கிளப்பில் கடைசிவரை ஆடிய முன்கள வீரர்கள் பிழைக்கத் தெரியாதவர்கள் என்று பொருள்படும்படி அதில் ஒரு வரி இருந்தது. மேற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்பிலேயே ஆடிய முன்கள வீரர் உவே சீலரை அறிந்தவர்கள் அந்த வரியை ஏற்கமாட்டார்கள்.

1961இல் இத்தாலிய கிளப்பான இன்டர் மிலானின் பயிற்சியாளர் எலேனியோ எரேரா ஹாம்பர்க்குக்கே நேரில் வந்து சீலரிடம் பேரம் பேசினார். மேற்கு ஜெர்மனியில் அப்போது புண்டஸ்லிகா என்னும் தேசிய லீக் தொடங்கியிருக்கவில்லை; கிளப்புகள் தரும் ஊதியத்துக்கு உச்சவரம்பும் இருந்தது. அந்த ஊதியத்துக்கும் இத்தாலியர் நீட்டிய தொகைக்கும் இருந்த வேறுபாடு மலைக்கும் மடுவுக்குமானது. துறைமுகத் தொழிலாளியின் மகனான சீலருக்குப் பணத்தின் அருமை தெரியாமல் இருந்திருக்க முடியாது, இருந்தும் மறுத்தார். ஊர்ப்பாசம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. அடிடாஸ் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி வேலை அவர் கையில் இருந்தது. கால்கள் ஓய்ந்த பிறகும் அந்த வேலை சோறு போடும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார் என்றே கருதுகிறேன். இது பிழைக்கத் தெரியாதவர் போடும் கணக்கா?

அந்தக் கால்கள் எவ்வளவு காலம் தாங்கும் என்ற அச்சம் வீணானதும் அல்ல. 1965 பிப்ரவரியில் பிராங்க்பர்ட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது அவருடைய குதிகால் தசைநாண் அறுந்தது. பலருடைய ஆட்ட வாழ்வை அன்று முடித்துவைத்த காயம் அது. சீலரோ தனக்கென்று தனியாகச் செய்த காலணியை அணிந்து, அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் சுவீடனுக்கு எதிராக வெற்றி கோலை அடித்து, மேற்கு ஜெர்மனியை 1966 உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றார்.

1970 உலகக் கோப்பையில் மெக்சிகோவின் லியோன் நகரில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் அடித்த கோலை இன்றைய இளைஞர்கள் ஒருமுறையாவது காணொளியில் பார்க்க வேண்டும். 33 வயது, உயரம் ஐந்தரை அடியை ஒட்டி. இடப்பக்கத்திலிருந்து சக வீரர் ஷ்னெல்லிங்கர் தூக்கியடித்த பந்து வரும்போது கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டியபடி பின்வாங்கிக்கொண்டே எம்புகிறார். பின்மண்டையில் பட்ட பந்து வில்லாக வளைந்து கோல்காப்பாளர் பொனெட்டியின் தலைக்கு மேல் சென்று உள்ளே விழுகிறது. ஆட்டம் 2-2 எனச் சமனாகி, கூடுதல் நேரத்தில் ஜெர்மனி வென்றது.

புண்டஸ்லிகாவுக்கு முன்பிருந்த வட்டார முதல்நிலை லீக்கான ஓபர்லிகாவில் 237 ஆட்டங்களில் 267 கோல்கள், 1963இல் தொடங்கிய புண்டஸ்லிகாவில் 239 ஆட்டங்களில் 137 கோல்கள், அத்தனையும் ஹாம்பர்க்குக்காகவே. ஆனால் லீக் பட்டம் 1960இல் ஒன்றே, ஜெர்மன் கோப்பையும் 1963இல் ஒன்றே. இன்டர் மிலானோ 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அவர் இழந்தது பணம் மட்டுமல்ல என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம்.

1978இல் அயர்லாந்தின் கார்க் செல்டிக் அணிக்காகவும் ஓர் ஆட்டம் ஆடினாரே என்று யாரேனும் ஆட்சேபிக்கக்கூடும். அடிடாஸ் ஏற்பாடு செய்த காட்சி ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு போனவருக்கு அது லீக் போட்டி என்பது பிறகுதான் தெரிந்ததாம். அதிலும் இரண்டு கோல்கள் அடித்தார்; அணி தோற்றது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
திருச்சிராப்பள்ளி