விளையாட்டு நேரத்தைத் தண்டனையாகப் பிடுங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 31 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளைக்கு இடைவேளை கிடையாது, கணக்குத் தப்பினால் விளையாட்டு பீரியட் கிடையாது என்று தண்டிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. நானும் பல ஆண்டுகள் அதைச் செய்தேன். அந்த உறுத்தலில்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். எழுத்து மெதுவாகத்தான் வரும். வாரத்தில் மூன்று நாளாவது இடைவேளையில் உட்காரவைத்து மிச்சத்தை எழுதச் சொல்வேன். பென்சில் நகராது, கண் ஜன்னலில் இருக்கும். வெளியே விட்ட நாட்களில் அவன்மேல் புகார் வரும்: தள்ளிவிட்டான், அவுட்டானாலும் போகமாட்டேன் என்கிறான், அழுகுணி ஆட்டம் ஆடுகிறான். அதற்கும் சேர்த்து மறுநாள் உள்ளே. முரட்டுப் பிள்ளை என்றே முடிவுகட்டியிருந்தேன். ஒருநாள் நின்று கவனித்தபோதுதான் புரிந்தது. அவன் இல்லாத நாட்களில் மற்றவர்கள் ஆட்டத்தை மாற்றியிருந்தார்கள். எதுவரை ஓடலாம், எப்போது தொட்டால் செல்லாது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியவேயில்லை.

அன்றோடு அவனை உட்காரவைப்பதை விட்டேன். முதல் வாரம் ஓரமாக நின்று பார்த்தான். பிறகு ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டார்கள். சண்டை வந்தது, நான் போகவில்லை. (போகாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.) சில வாரம் கழித்து, சீக்கிரமே பிடிபட்டு ஒரு சின்னவன் அழுதபோது, “அவனுக்கு இன்னொரு சான்ஸ் குடுக்கலாம்டா” என்றவன் இவன்தான்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, கோலிக்குண்டு ஆடும் பிள்ளைகளிடம் விதிகளைப் பற்றிக் கேட்டு அறிந்ததை 1932-இல் வெளியிட்டார். விதி பெரியவர்கள் வகுத்தது, மாற்றவே கூடாது என்றார்கள் சிறியவர்கள். பத்து வயதைத் தாண்டியவர்களோ, எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். அந்த ஒத்துக்கொள்ளலைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க என்னால் முடிந்ததில்லை. ஆட்டம் கலைந்துவிடுமே என்ற பயத்தில்தான் பிள்ளை இறங்கி வருகிறது. ‘காய்’ விட்டவர்கள் மணி அடிப்பதற்குள் ‘பழம்’ விடுகிறார்கள். சக பிள்ளைகளோடு ஒத்துப்போகத் தெரியாத பிள்ளைக்குத்தான் இந்தப் பழக்கம் அதிகம் தேவை. நாமோ அவனைத்தான் முதலில் உள்ளே உட்காரவைக்கிறோம்.

விளையாடுவது குழந்தையின் உரிமை என்கிறது 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு. தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ இடைவேளையைப் பறிக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் 2013-இல் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது.

அப்படியானால் மிச்ச எழுத்தை என்ன செய்வது என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். பத்துக் கணக்குக்கு ஐந்து கொடுங்கள். பாட நேரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து எழுதவையுங்கள். அந்தப் பையனுக்கு நான் அப்படித்தான் செய்தேன். ஐந்தையும் முடித்துவிட்டுத்தான் ஓடுவான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை