செயலாளரின் ஆண்டறிக்கை: தோட்டா உறைகளின் ஆயுள் குறித்து

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பதாலும், சுடுதளத்தின் மண்மேடு சீரமைக்கப்பட்டதை அனைவரும் நேரில் கண்டிருப்பதாலும், செயற்குழு இவ்வாண்டு மிகுதியாக விவாதித்த ஒரே பொருளை, அதாவது ரீலோடிங் செய்யும் (சுட்டபின் புதிய மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்தும்) பித்தளை உறைகளின் ஆயுளை, இவ்வறிக்கையில் விரிவாகக் கூறுகிறேன்.

1907ஆம் ஆண்டு முதல் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குக் களமாக விளங்கும் கேம்ப் பெர்ரி நம் ஓஹையோ மாநிலத்திலேயே இருப்பதால், உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதற்கான பயிற்சியில் .45 ஏசிபி, .38 ஸ்பெஷல் ஆகிய கைத்துப்பாக்கித் தோட்டாக்களையே சுடுகின்றனர். ஒப்பிட்டுப் பார்த்தால், வலிமை மிக்க .357 மேக்னம் தோட்டாவில் சுடும்போது எழும் அழுத்தத்தின் வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு; .45 ஏசிபிக்கோ 21,000தான். ஆகவே .45 உறைகள் கெட்டுப்போவதைவிடப் புல்லில் தொலைந்துபோவதே அதிகம் என்று மூத்த உறுப்பினர்கள் சொல்வதில் மிகையில்லை.

.38 உறைகளின் அழுத்த வரம்பு இன்னும் குறைவு. ஆனால் கிரிம்ப், அதாவது குண்டை இறுக்கிப் பிடிக்க உறையின் வாயை உள்நோக்கி மடக்குவது, அவற்றைக் கெடுக்கிறது. ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த இப்பித்தளை, சுடும்போது விரிந்து, டை என்னும் அச்சில் சுருங்கி, குண்டை ஏற்க வாய் அகட்டப்பட்டு, பின் கிரிம்ப் இட்டு மடக்கப்படும் ஒவ்வொரு முறையும் சற்றே கடினமாகி, இறுதியில் வாயோரத்தில் கீறல் விடுகிறது. குண்டின் அடிப்பகுதி சுரண்டப்படாமல் அமரும் அளவுக்கு அகட்டினாலே போதும். உறைகளின் நீளம் ஒன்றுபோல் இல்லாதபோது நீளமானவை மட்டும் ஆழமாக மடங்கிவிடுவதால், கிரிம்ப் டையைச் சரிசெய்வதற்கு முன் நீளத்தை அளக்குமாறு செயற்குழு கேட்டுக்கொள்கிறது. .45 உறை துப்பாக்கியின் அறையில் வாய் விளிம்பைக் கொண்டே நிலைகொள்வதால், அதற்கு வாயை மடக்காமல் சற்றே சரிவாக இறுக்கும் டேப்பர் கிரிம்ப் மட்டுமே பொருந்தும்.

ரைஃபிள் உறைகளைப் போல் இவற்றையும், கடினமான வாய் மீண்டும் இளகும்படி, தீயில் வாட்டிப் பதப்படுத்தலாம் என்று சிலர் முன்வைத்த யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. கைத்துப்பாக்கி உறை குட்டையானது. வாயில் காட்டும் சூடு அடிப்பகுதிக்கும் பரவினால், அழுத்தத்தைத் தாங்க வேண்டிய அந்த இடமே இளகி ஆபத்தாகிவிடும். சில கூடுதல் சுற்றுகளுக்காக இதைச் செய்வது வீண் துணிச்சல் என்பது என் கருத்தும்கூட.

அம்மோனியா கலந்த மெருகுப் பசைகள் பொது மேசையிலிருந்து அகற்றப்பட்டுள்ளன. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை தானே விரிசல் கண்டதும், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே அதற்குக் காரணம் என்று மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகியோர் 1921இல் விளக்கியதும் உலோகவியலார் நன்கறிந்த செய்திகள். சோளக்கொண்டைத் தூளில் உருட்டினாலே கறை போய்விடும். பளபளப்பு ஆயுளைக் கூட்டுவதில்லை. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் எச்சத்தில் ஈயம் இருப்பதால், அந்தத் தூளைக் கட்டடத்துக்கு வெளியே சலிக்க வேண்டும்.

உறைகளை அடியில் பொறித்த முத்திரை வாரியாகவும், எத்தனை முறை சுடப்பட்டவை என்ற கணக்குப்படியும் பிரித்து வைக்கப் பெயரிட்ட பெட்டிகள் வைக்கப்பட்டுள்ளன. கைநிறைய அள்ளிக் குலுக்கினால் கீறல் விட்ட உறையின் ஓசை மழுங்கிக் கேட்கும் என்றாலும், ஒவ்வொன்றையும் கண்ணால் பார்ப்பதைத் தவிர்க்கலாகாது. கீறியவை, அடியில் புடைத்தவை, பிரைமர் தடையின்றி நுழையும் அளவுக்குத் தளர்ந்தவை ஆகியவற்றை இடுக்கியால் நசுக்கிய பிறகே கழிவுப் பெட்டியில் இட வேண்டும் என்னும் தீர்மானத்தை உறுப்பினர்களின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்